மூன்று வயதும் ஏழு வயதும் மார்கழிக் கச்சேரிக்கு வந்தால்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். டிசம்பர் 26 முதல் 29 வரை நான்கு நாள் குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறார்கள். மந்தைவெளியில் நாத்தனார் வீட்டில் தங்குகிறார்கள். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு மூன்று. கேட்டவர் கல்யாணத்துக்கு முன்பு பாட்டுக் கற்றவர். பெண் பிறந்த பிறகு ஒரு சீசனுக்கும் வர முடியவில்லை. "இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு கச்சேரி கேட்க முடியுமா? எந்த சபாவுக்குப் போகலாம்? எவ்வளவு நேரம் உட்காருவார்கள்?" என்பது அவருடைய கேள்வி.

முடியும். என் இரண்டு பிள்ளைகளையும் கைப்பிடித்து நடக்கும் வயதிலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் கூட்டிப் போயிருக்கிறேன். எந்த சபா என்பதைவிட, கச்சேரியின் எந்தப் பகுதிக்குக் குழந்தையை உள்ளே அழைத்துப் போகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். இதை நான் தெரிந்துகொள்ள இரண்டு சீசன் ஆனது.

கச்சேரியின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த வழி என்று சொல்வார்கள். முதலில் வர்ணம், பின்னாலேயே விறுவிறுப்பாக ஒன்றிரண்டு கீர்த்தனை. அப்புறம் வேகம் தணியும். ராகத்தை வார்த்தையில்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனை, சவுக்க காலத்தில் (மெதுவாக) ஒரு கீர்த்தனை, மறுபடி நீண்ட ஆலாபனை, அதற்கு வயலினின் பதில், ஒரே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவல். பிறகு ச ரி க ம என்று பாடும் ஸ்வரம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் (சுருக்கமாகத் 'தனி'), துக்கடாக்கள் எனும் சின்னப் பாட்டுகள், தில்லானா, முடிவாக மங்களம். ரசிகர்கள் உயிரை விடுவது அந்த நடுப்பகுதிக்காக. குழந்தைகள் அழுவதும் அங்கேதான். அதில் தப்பில்லை. வார்த்தையே இல்லாமல் இருபது நிமிஷம் விரியும் ஒரு தோடி ராகத்தைப் பின்தொடர, கேட்டுப் பழகிய காது வேண்டும். மூன்று வயதில் அதை எதிர்பார்க்க முடியாது.

என் பெண்ணுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு மாலைக் கச்சேரிக்கு ஆரம்பத்திலேயே போய் உட்கார்ந்தோம். முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் இருந்தாள். ஆலாபனை நடுவில், "எப்போ முடியும்?" என்று அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்குக் கிளம்பலாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே தனி ஆரம்பித்தது. அவள் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய்க் கதவில் காதை வைத்துக்கொண்டாள். திரும்ப உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்றபடியே மங்களம் வரை கேட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கச்சேரிக்குப் போகிற நேரத்தைத் திருப்பி வைத்துவிட்டோம். பாதியில் எழுந்து வருவதற்குப் பதில், பாதியில் உள்ளே போகிறோம்.

தனி ஆரம்பித்ததும் பெரியவர்கள் பலர் எழுந்து கேன்டீன் பக்கம் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசிப்பவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு அது என்பது என் எண்ணம். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது நஷ்டமும்கூட. கச்சேரியில் குழந்தைக்கு மிகவும் பிடிக்கக்கூடிய பகுதி அதுதான். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். குறைப்பு வாசிக்கும்போது ஒருவர் வாசிக்கும் நீளம் குறையக் குறைய மற்றவரும் குறைத்து, கடைசியில் இரண்டு மூன்று சொல்லில் வந்து நிற்பார்கள். இதை ஏழு வயதுப் பெண்ணிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். முடிவில் கோர்வை என்ற ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும். "ஒரே மாதிரி மூன்று தடவை வந்தால் முடியப்போகிறது, எண்ணிக்கொண்டே இரு" என்று சொன்னால் போதும். சரியாகப் பிடித்துவிட்டால் அவளுக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க உங்களுக்கு இன்னொரு கச்சேரி வேண்டாம்.

ரயிலில் வரும்போதே அவளுக்கு ஆதி தாளம் போடச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. ஈரோடு வருவதற்குள் பிடித்துக்கொள்வாள். மெயின் பாட்டு இரண்டு களையில் இருந்தால் ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை விழும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தான்தான் தப்பாகப் போடுகிறோம் என்று கையை மடக்கிக்கொண்டு விடுவாள். பையனுக்குத் தாளமெல்லாம் வேண்டாம். "தகிட தகிட", "தகதிமி தகதிமி" என்று வாயால் சொல்லிக் காட்டினால் அவனே அதைப் பாட்டாக்கிக்கொள்வான்.

இனி நேரம். மாலை ஆறு, ஆறரைக்குத் தொடங்கும் பெரிய வித்வான்களின் கச்சேரிகளுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். இரண்டரை மணி நேரம் நடக்கும், அரங்கம் நிறைந்திருக்கும். டிக்கெட்டுக்குக் காத்திருந்து வாங்கிக் கேட்க வந்தவர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருப்பார்கள். பையனின் தூக்க நேரமும் அதுவே. காலையிலும் மதியம் 12 மணி, 2 மணி வாக்கிலும் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகள் பல சபாக்களில் நடக்கும். பெரும்பாலும் அனுமதி இலவசம். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாற்காலிகள் காலியாக இருக்கும், ஓர இடம் கிடைக்கும். தொடங்கி நாற்பது நிமிஷம் கழித்து உள்ளே போனால் ஸ்வரம், தனி, சின்னப் பாட்டு ஒன்றிரண்டு, மங்களம் என்று குழந்தைக்குரிய பகுதி முழுவதும் கிடைத்துவிடும். இளம் கலைஞர்களுக்கும் நிறைந்த வரிசைகள் பெரிய ஊக்கம். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள், முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். அங்கே இரண்டு குழந்தைகள் கைதட்டினால் மேடையில் இருப்பவர்கள் முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு கச்சேரிக்காவது ஆரம்பத்துக்கும் பத்து நிமிஷம் முன்னாலேயே போங்கள். அன்றைக்கு வர்ணத்தோடு எழுந்து வந்துவிடலாம். திரை போடாத அரங்காக இருந்தால் சுருதி சேர்ப்பதைப் பார்க்கலாம். மிருதங்கக்காரர் கல்லும் சின்ன மரக்கட்டையும் வைத்து வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) விளிம்பைத் தட்டிச் சரிசெய்வார். தொப்பி எனும் இடப்பக்கம் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்புமா செய்கிற ரவை மிருதங்கத்துக்கு எதற்கு என்று உங்கள் பெண் கட்டாயம் கேட்பாள். அந்தக் கனம் ஏறினால்தான் இடப்பக்கம் ஆழமாக ஒலிக்கும் என்று சொல்லுங்கள். கையில் பிடித்து வாசிக்கும் கஞ்சிரா இருந்தால் தோலின் உட்புறத்தில் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவதைப் பார்க்கலாம். கடத்தைக் காட்டி, மானாமதுரை மண்ணில் செய்த பானை, அடுப்பில் ஏறாத பானை என்று சொன்னால் மூன்று வயதுக்காரனுக்கும் புரியும்.

உட்காரும் இடம்: மேடையைப் பார்த்தபடி நமக்கு இடப்பக்கம், நடைபாதையை ஒட்டிய ஓர நாற்காலி, அரங்கின் நடுவரிசை. பாடுபவருக்கு வலப்புறம் மிருதங்கம் இருக்கும், அது நமக்கு இடது. வலந்தலை சபையை நோக்கி இருப்பதால் விரல்கள் நன்றாகத் தெரியும். இடக்கைக்காரர் வாசித்தால் எல்லாம் மாறிவிடும். பையனுக்கு முன்னால் இருப்பவர் தலை மறைக்கும், ஆகவே மடியில்தான் உட்கார வேண்டும். ஸ்பீக்கர் அருகே மட்டும் வேண்டாம். சில அரங்குகளில் ஒலி மிகவும் கூட்டி வைத்திருப்பார்கள், சின்னக் காதுக்கு அது நல்லதல்ல. மூடிய அரங்கில் நாகஸ்வரமும் தவிலும் இருந்தால் பையனை வெளியே வராந்தாவில் வைத்துக் கேட்க வையுங்கள். அந்த வாத்தியம் கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் பிறந்தது. வெளியில் நின்று கேட்டால் இன்னும் நன்றாகவே இருக்கும். அப்புறம், ஏசி குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே போகவோ வெளியே வரவோ கூடாது. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போதுதான் நகர வேண்டும். அழுகை மட்டும் விதிவிலக்கு. முதல் சிணுங்கலிலேயே எழுந்துவிடுங்கள், சமாதானப்படுத்திப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பாடுகிறவருக்குத் தம்பூராவின் சுருதி ஒன்றுதான் பிடி, அது கலைந்தால் அவருக்குக் கஷ்டம். எழுந்து வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்களும் உங்கள் கணவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெண்ணோடு உள்ளே, மற்றவர் பையனோடு வெளியே. அடுத்த கச்சேரிக்கு மாற்றிக்கொள்ளலாம். டிக்கெட் உள்ள கச்சேரி என்றால் வயது வரம்பு உண்டா என்று வாங்குவதற்கு முன்பே சபா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் வேறுபடும்.

சபாக்களில் உங்களுக்கு மிகவும் வசதியானது மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் இருக்கும் பாரதிய வித்யா பவன். மந்தைவெளியிலிருந்து நடந்தே போய்விடலாம், இலவசக் கச்சேரிகள் நிறைய நடக்கும், குழந்தைக்குப் போரடித்தால் இரண்டு நிமிஷத்தில் கபாலீஸ்வரர் கோயில். லஸ், ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கமெல்லாம் மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாலை நேரத்தில் ஆட்டோவில் ஏறிக் குழந்தையோடு மாட்டிக்கொள்ள வேண்டாம். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கின்றன. அகாடமிக்கு ஒரு மதியம் போய்வாருங்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி ஒரு இசை மாநாடு நடந்தது, அதிலிருந்து அடுத்த வருஷம் பிறந்த அமைப்பு அது. சென்னையின் டிசம்பர் சீசனே அங்கிருந்து வளர்ந்ததுதான். உங்கள் பெண்ணுக்கு இப்போது அது ஒரு பெரிய கட்டடம் மட்டுமே. ஆனால் நீங்கள் அந்தப் படியேறும்போது உங்கள் முகத்தில் தெரிவதை அவள் பார்ப்பாள்.

ஒரு நாள் தமிழிசைச் சங்கத்துக்குப் போகச் சொல்வேன். 1943-இல் தொடங்கியது, பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பர் கடைசி வாரத்தில் இசைவிழா நடக்கும். பாட்டெல்லாம் தமிழ். முருகன் என்றும் மயில் என்றும் காதில் விழும்போது குழந்தை தலையைத் தூக்கிப் பார்க்கும், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே மீதிப் பாட்டையும் கேட்கும். மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பையனுக்கு அன்றைய விழா அந்த ரயில்தான், அதுவும் நல்லதே.

ஆனால் இந்த நான்கு நாளில் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், சபா எதுவும் வேண்டாம், விடியற்காலையில் மாட வீதிக்குப் போங்கள் என்பேன். மார்கழி பஜனை. பாபநாசம் சிவன் (1890–1973) வருஷா வருஷம் கபாலீஸ்வரர் கோயிலின் நான்கு மாட வீதியையும் பாடிக்கொண்டே சுற்றி வந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஐந்தரை, ஆறு மணிக்கு ஜால்ரா சத்தம் கேட்கத் தொடங்கும். அங்கே குழந்தை உட்கார வேண்டியதில்லை, பேசாமல் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் ஒரு அடி பாட, எல்லாரும் திருப்பிப் பாடுவார்கள், கைதட்டிக்கொண்டே நடக்கலாம். வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், பூக்காரர்கள் கூடையை இறக்கிக்கொண்டிருப்பார்கள். இசை என்பது மேடையில் யாரோ செய்வது என்று நினைக்கிற குழந்தைக்கு, தன் வாயிலிருந்தும் வருவதுதான் அது என்று அங்கே தெரிகிறது. என் பையன் பேச ஆரம்பித்த புதிதில் அவன் வாயில் வந்த முதல் பாட்டு அந்த வீதியில் கேட்டதுதான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. திருப்பாவையில் முப்பது பாட்டு, மார்கழியில் நாளுக்கு ஒன்று. டிசம்பர் 16-இல் மார்கழி பிறந்தால் 27-ஆம் தேதி பன்னிரண்டாம் பாட்டு. எருமை தன் கன்றை நினைத்ததும் பால் தானாகச் சுரந்து ஒழுகி வீடே சேறாகிப் போகிற பாட்டு அது. முதல் நாள் இரவு படுக்கும்போது இதைக் கதையாகச் சொல்லிவிட்டால், காலையில் எழுப்பக் கஷ்டமே இருக்காது. பஜனை முடிந்து கோயிலில் வெண்பொங்கல் கிடைத்தால் அதையே காலைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு என்றதும் கேன்டீன். டிக்கெட் இல்லாமலேயே போய்ச் சாப்பிடலாம், பலர் அதற்காகவே வருவார்கள். ஆனால் மாலைக் கச்சேரி தொடங்குவதற்கு முன்பும், ஏழரை மணியைச் சுற்றியும் நிற்க இடம் இருக்காது. குழந்தைகளோடு மூன்றரை, நாலு மணிக்குப் போங்கள். அடை அவியல், கீரை வடையெல்லாம் உங்களுக்கு. பையனுக்குக் காரமில்லாமல் இட்லியோ நெய் தோசையோ கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள். அரங்கத்துக்குள் எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்கும். டயப்பர் மாற்றவோ பால் கொடுக்கவோ சபாக்களில் தனி இடம் இருக்கும் என்று நம்பி வர வேண்டாம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்புகிற மாதிரித் திட்டமிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கச்சேரிக்கு மேல் வேண்டாம். மதியம் கச்சேரி என்றால் சாயங்காலம் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா. ஓடி விளையாடட்டும்.

பயணத்தை ஜனவரிக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. பொங்கலுக்கு முன்னால் மயிலாப்பூர் திருவிழா நடக்கும். வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி, தாயக்கட்டம், பல்லாங்குழி, நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாமல் சின்னப் பிள்ளைகளே பாடும் கச்சேரி. தன் வயதுப் பெண் ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்து பாடுவதை உங்கள் பெண் பார்த்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்காது. ஜனவரி முதல் வாரத்தில் அகாடமியில் நாட்டிய விழாவும் இருக்கும். பார்ப்பதற்கு நிறைய இருப்பதால் நாட்டியத்துக்குக் குழந்தைகள் கூடுதல் நேரம் உட்காருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் குழந்தைகளின் மார்கழி. ஏழு வருஷமாக நீங்கள் இழந்திருக்கும் அந்த நடுப்பகுதி, ஆலாபனையும் நிரவலும், அவர்களை மடியில் வைத்துக்கொண்டு கிடைக்காது. பையன் எப்போது எழுந்திருப்பான் என்று ஒரு காது அங்கேயே இருக்கும். அதனால் ஒரு மாலை உங்களுக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்குங்கள். தனியாகப் போய் வர்ணத்திலிருந்து மங்களம் வரை உட்காருங்கள். உங்கள் கணவருக்கும் ஆசை இருந்தால் அவருக்கு வேறொரு மாலை. பிள்ளைகள் வீட்டில் அத்தையோடு இருக்கட்டும். பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிகளுக்கு நாள் நெருங்கினால் டிக்கெட் கிடைக்காது, அட்டவணை வந்ததும் பார்த்து வாங்கிவிடுங்கள். நாத்தனாரிடமும் எந்த மாலை என்று இப்போதே சொல்லி வையுங்கள். அந்த வாரம் மந்தைவெளியில் எந்த வீட்டிலும் விருந்தாளி இல்லாமல் இருக்காது.